நீட்டிய பாட்டு

புத்தூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் மிக்சிங் ரூம். என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குக் கேமரா எடுத்துப் போவார். அவர் பிடித்துக்கொண்டு வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. எட்டாவது வரைக்கும் தெலுங்குப் பள்ளிக்கூடம் போனேன். தமிழ் எழுத்து வீட்டில் கற்றது. மிக்சிங், திருப்பதி ஸ்டூடியோ ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றது.

இந்த வேலையில் பாட்டுதான் எப்போதும் தகராறு. படம் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு முடிந்துவிடும். இல்லையென்றால் படம் முடிந்துவிடும், பாட்டு பாதியில் நிற்கும். முன்பெல்லாம் காதால் கேட்டு, தாளம் சேரும் இடம் பார்த்து வெட்டுவேன். ஒரு பாட்டுக்கு ஒரு மத்தியானம் போய்விடும். இப்போது ஏஐ டூல் வந்துவிட்டது. பாட்டின் ஓரத்தை மவுசால் பிடித்து, படம் முடியும் இடம் வரைக்கும் இழுத்தால் போதும். எந்தத் துண்டைத் திருப்பிப் போடலாம், எதை விடலாம் என்று அதுவே முடிவு செய்து ஒட்டிவிடும். ஒட்டு தெரியாது. கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை.

நகரிப் பக்கம் ஒரு வீட்டின் பூவாடைப் படத்தில்தான் அது வேறு மாதிரி ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைப்பார்கள். வீட்டில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண் யாராவது இருந்தால் அவளைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். கிணற்றடியில் புதுப்புடவை, மஞ்சள், பூ எல்லாம் வைப்பார்கள். பம்பைக்காரர்கள் பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடுவார்கள். செத்தவள் வீட்டு ஆள் யார் மேலாவது வந்து இறங்குவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கல்யாணத்துக்கு உத்தரவு கொடுப்பாள். பிறகு பம்பைக்காரர் அவளை மலையேற்றுவார். பாடியே திருப்பி அனுப்பி வைப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். அழைத்தால் அனுப்பியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

அந்த வீட்டில் செத்தவள் மூத்த பெண். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் காய்ச்சல் கண்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். துணியில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். இளையவள் கல்யாணத்துக்கு அவளைத்தான் அழைத்தார்கள். அவள் தன் அத்தை மேல், அப்பாவின் தங்கச்சி மேல், வந்து இறங்கினாள்.

வீட்டுக்காரர் கேமராவை நிறுத்தாமல் பிடித்திருந்தார். நான் அங்கே போகவில்லை. படத்தில்தான் பார்த்தேன். அத்தையின் தலை அவிழ்ந்து கிடக்கிறது. உடம்பு ஆடுகிறது. வாய் எதையோ சொல்கிறது. பெற்றவள் கற்பூரத் தட்டோடு எதிரில் நிற்கிறாள். ஒரு கையால் அத்தையின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறாள்.

சத்தம்தான் இல்லை. அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் காதுகுத்து. மைக்செட் வைத்திருந்தார்கள். கேமராவில் பதிவானது முழுக்கச் சினிமாப் பாட்டு.

கல்யாணம் முடிந்து தாயும் இளையவளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மா என்னைவிட மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன்.

"கல்யாணத்த எப்படினா வெட்டிக்கோ. துன்றவங்கள வாயத் தொறந்துக்கினு காட்டாத, அவ்ளோதான். பூவாடயில மட்டும் ஒண்ணும் வெட்டக்கூடாது," என்றார்.

"சத்தம் வீணாப் போச்சிக்கா. சினிமாப் பாட்டுதான் கேக்குது."

"அவ பேசனது?"

"கேக்கல."

மானிட்டரைப் பார்த்தார். அத்தையின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"இங்கியே கீறேன்னு சொன்னா," என்றார்.

இளையவள் குறுக்கே வந்தாள். "இல்லம்மா. சந்தோசமா போறேன்னுதான் சொன்னா. எல்லாரும் கேட்டாங்க."

"நீ மணப்பொண்ணு. பொடவ மடிப்பப் பாத்துக்கினு இருந்த. நீ கேட்டியா?"

இளையவள் மானிட்டர் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் போனை நீட்டினாள். அன்றைக்கு எல்லாம் முடிந்து, மைக்செட்டும் ஓய்ந்த பிறகு, பம்பைக்காரரை வீட்டுக்குள் உட்கார வைத்துத் திரும்பப் பாடச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். சும்மா பாடமாட்டேன் என்றாராம். பாடினால் அனுப்பிவிட்டுத்தான் நிறுத்துவேன் என்றாராம். அதனால் அழைப்பு கொஞ்சம், மலையேற்றம் கொஞ்சம் என்று இரண்டும் அதில் இருந்தன. சத்தம் தெளிவாக இருந்தது.

"பாட்டு சின்னதா கீது. படம் பெருசு," என்றேன்.

"நீட்டறதுக்கு மிசினு வெச்சிக்கினு கீறியாமே. உங்க வூட்டுக்காரரு சொன்னாரு," என்றார் தாய்.

"கீதுக்கா."

"அப்பறம் இன்னா. நீட்டு."

நீட்டினேன். ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டு எழுந்துபோய் டீ போட்டேன். திரும்பி வந்தபோது பாட்டு படத்தின் அளவுக்கு வந்திருந்தது. ஓட விட்டுக் கேட்டேன். உடுக்கை எங்கும் தடுக்கவில்லை. பம்பை ஓய்கிற இடமும் படம் முடிகிற இடமும் ஒன்றாக வந்தன. எங்கள் வேலையில் தாளம் சரியாக இருந்தால் போதும். வார்த்தையை யாரும் பார்ப்பதில்லை. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம். மாங்காய் சீசன் வந்து போனது. ஒருநாள் இளையவள் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்தாள். அங்கேதான் அவளைக் கொடுத்திருந்தார்கள். வயிறு தெரிந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, அந்தப் பூவாட வீடியோவ மாத்தித் தரியா?"

"இன்னா மாத்தணும்?"

"எங்கம்மா காலைல டிவியில போட்டா நிறுத்தறதே இல்ல. அது முன்னாடியே குந்திக்கினு கீது. ஊர்ல எந்த விசேசத்துக்கும் போறது இல்ல. ஏம்மான்னா, அவ இன்னும் போவல, வூட்லதான் கீறான்னுது."

"நைனா?"

"நைனா மாந்தோப்புக் காவலுக்குப் போறேன்னு அங்கியே படுத்துக்குது."

தண்ணீரைக் குடித்தாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஏழாம் மாசம் வளையல் போட்டுப் பெற்றவள் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய் வரமாட்டேன் என்கிறார்.

"வூட்ட வுட்டு ஒருநாள் வந்தா அவ தனியா பூடுவாளாம். ஒண்டியா வுட்டதுல ஒருதரம் போனது போதும்னுது. எனக்கு மட்டும் இன்னா, பத்து பேரா கீறாங்க?"

"மாமியாரு ஏதனா சொல்றாங்களா?"

"எங்க மாமியாரு தங்கம்க்கா. உங்கம்மாவுக்கு செத்த பொண்ணு ஒண்ணுதான் பொண்ணு போலன்னாங்க. சோறு போட்டுக்கினே சொன்னாங்க."

சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"நைனா ஒருநாள் முழுசாக் கேட்டுட்டு, இது பம்பக்காரன் பாடனது இல்லன்னாரு. எனக்கு அதே பாட்டாத்தான் கேக்குது. நீ கேட்டுப் பாரு."

ஹெட்போன் மாட்டினேன். முதலில் போனில் பதிந்ததைக் கேட்டேன். மலையேற்றத்தில் பம்பைக்காரர் பாடுகிறார். பூவோட போய் வாம்மா, பொட்டோட போய் வாம்மா.

நாங்கள் யாரையும் போ என்று சொல்வதில்லை. செத்தவளைக்கூடப் போய் வா என்றுதான் சொல்வோம். அதில் போய் என்பதுதான் அனுப்புவது. வா என்பது மரியாதைக்கு.

பிறகு டூல் நீட்டியதைக் கேட்டேன். அது தாளத்தில் வெட்டியிருந்தது. தாளம் 'வா'வில் விழுகிறது. போய் என்பது அதற்கு முன்னால் வருகிற அரை மூச்சு. அதை எடுத்தாலும் தாளம் கெடாது. ஆகவே எடுத்துவிட்டது. அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் படத்தை நிரப்பியிருந்தது.

பூவோட வாம்மா, பொட்டோட வாம்மா. பூவோட வாம்மா, பொட்டோட வாம்மா.

பாட்டு முடியும் வரைக்கும் அதுதான். போய் என்று ஒருமுறைகூட வரவில்லை. அனுப்புகிற பாட்டு அழைக்கிற பாட்டாகியிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஒட்டு விழுந்த ஓரிடத்தில் 'வா'வும் போய், 'ம்மா' மட்டும் தனியாக நின்றது. டூல் அதைக் கொஞ்சம் இழுத்திருந்தது. இழுத்ததில் பம்பைக்காரரின் குரல் மெலிந்திருந்தது. ஆண் குரலாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தேன். அத்தையின் உதடு மூடித் திறக்கிற இடத்தில் அந்தச் சத்தம் சரியாக விழுந்திருந்தது. டூலுக்கு நான் படத்தைக் காட்டவே இல்லை. நீளத்தை மட்டும்தான் கொடுத்தேன்.

ஹெட்போனைக் கழற்றினேன். வெளியே வெயில் அடித்தது. எதிர்க்கடையில் கிரில் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப மாட்டினேன். அந்த இடத்தை ஓட விட்டேன். ம்மா.

"இன்னாக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. போய் வான்னு வரணும். போய் இல்ல. நான் சரி பண்ணி எடுத்துக்கினு போறேன். நீ பஸ்ஸுக்குக் கிளம்பு."

இந்தத் தரம் டூலைத் தொடவில்லை. பழைய மாதிரி காதால் கேட்டு ஒட்டினேன். போய் வாம்மா முழுசாக வருகிற மாதிரி, ஒவ்வொரு வரியும். ஒரு மத்தியானம் ஆயிற்று. ஒட்டு அங்கங்கே தெரிந்தது. பரவாயில்லை என்று விட்டேன்.

நகரிக்குப் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வீடு ஊருக்கு வெளியே, கடலை பிடுங்கிய கொல்லியை ஒட்டி இருந்தது. வாசலில் நிற்கும்போதே பாட்டு கேட்டது. தாய் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய முகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தலை வாரிப் பூ வைத்திருந்தார்.

"வாம்மே. குந்து. கடல துன்னு."

உட்கார்ந்தேன். பென்டிரைவை எடுத்து, அதில் பாட்டு தப்பாக ஒட்டியிருக்கிறது, சரி செய்து கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

"இன்னா தப்பு?"

"போய் வான்னு பாடினத மிசினு வான்னு ஆக்கிடுச்சிக்கா."

கடலையை உடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியாதா? பம்பக்காரன் பாடசொல்ல எதுருல நின்னவ நானு. நீ பென்டிரைவு குடுத்த அன்னிக்கே தெரியும்."

பென்டிரைவைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சிதான் போட்டுக்கினு கீறேன். ஆஸ்பத்திரில, எடுத்துக்கினு போம்மான்னாங்க. ஊருல, சீக்கிரம் எடுங்கன்னாங்க. பம்பக்காரனும் போய் வான்னான். அவ புருசன் மறுகல்யாணம் பண்ணிக்கினான், அவனும் போன்னுட்டான். அவள வான்னு சொன்னது இது ஒண்ணுதான்."

டிவியைக் கையால் காட்டினார்.

"அது மிசினுக்கா. அதுக்கு அர்த்தம் தெரியாது."

"தெரிஞ்சவங்க எல்லாம் இன்னா சொன்னாங்கன்னுதான் பாத்தேனே."

அப்போது அந்த இடம் வந்தது. அவர் கை நின்றது. உடைத்த கடலை விரலில் இருந்தது. ம்மா என்று கேட்டது. கேட்ட பிறகு கை திரும்ப வேலை செய்தது.

"கேட்டியா?" என்றார்.

கேட்டேன் என்றேன்.

நான் கொண்டுபோனதை அவர் வாங்கவில்லை. போட்டும் பார்க்கவில்லை. நான் இளையவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"இன்னாக்கா, மாத்திட்டியா?"

"உங்கம்மா பக்கத்துல கீறாங்க. பேசு."

அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

"அம்மா. நானும் அம்மான்னுதான் கூப்படறேன். செத்தாதான் உனக்குக் காது கேக்கும்னா சொல்லிடு."

தாய் கடலையை முறத்தில் போட்டார்.

"வயித்துல வெச்சிக்கினு இன்னா பேச்சி பேசற. வாயக் கழுவு," என்றார்.

"நீ வந்து கழுவு."

போன் நின்றுவிட்டது. தாய் தோலை எல்லாம் ஒதுக்கினார். முறத்தைப் புடைத்தார். எழுந்து போய் வாசலில் கொட்டிவிட்டு வந்தார். வந்து நின்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"நான் போனா அவகூட யாரு கீறது?"

"உங்க நாத்தனாரு?"

"அவளுக்கு பயம். அன்னியிலிருந்து இந்த வாசல மிதிக்கறது இல்ல. வூட்டுக்காரரு என்கூட வந்தாவணும், ரெண்டு பேரா போய்தான் கூப்டணும்." பிறகு சொன்னார். "நீதான கூப்ட்ட. நீயே இரு."

"நானா?"

"உன் மிசினுதான. ஒருநாளு வந்து குந்து. பாட்ட நிறுத்தாத. நான் போய் சின்னவள இட்டுக்கினு வந்துடறேன்."

சரி என்றேன்.

வளையல் போடுகிற அன்றைக்குக் காலையில் போனேன். வாசலில் கார் நின்றது. அவர் வீட்டுக்காரர் புது வேட்டியோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கட்டுசாதக் கூடைகளைப் பின்னால் ஏற்றினார்கள். தாய் உள்ளே வந்து அடுப்பங்கரையைக் காட்டினார். சோறு வடித்து, கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. அவளுக்கு மொதல்ல வையி," என்றார்.

கார் போய்விட்டது.

நான் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பாட்டு ஓடும், முடியும், தானாகவே முதலிலிருந்து தொடங்கும். மிக்சிங்கில் எதையும் ஆயிரம் தரம் பார்ப்பேன். அலுக்காது. அன்றைக்கு அப்படிப் பார்க்க முடியவில்லை. வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டாம் என்றால் படத்தில் இருக்கிறவர்கள்தான் தெரிகிறார்கள். அந்தத் தாய் அத்தையின் மோவாயைப் பிடித்துத் திருப்புவதை, ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அத்தையின் முகம் திரும்புகிறது. கண் மட்டும் திரும்பவில்லை. அது கேமராவைப் பார்க்கிறது.

மத்தியானம் அவளுக்கு முதலில் சோறு வைத்தேன். பிறகு எனக்கு. என் தட்டைத் தின்று கழுவினேன். அவளுடையதை ஒரு தட்டால் மூடி வைத்தேன்.

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. பாட்டு நடுவில் அறுந்தது. வீடு சத்தமே இல்லாமல் ஆனது. நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை. உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கேட்டது. ம்மா.

கன்றுக்குட்டி என்று நினைத்தேன். எழுந்துபோய்ப் பின்பக்கம் பார்த்தேன். கொட்டகை காலியாக இருந்தது. முளைக்குச்சியைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது. கொல்லியில் மாடு எதுவும் மேயவில்லை. திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தேன்.

"சாய்ந்தரம் வந்துடுவாங்க," என்றேன்.

வேறு என்ன சொல்வது. காத்திருக்கிற ஆளுக்கு அதைத்தானே சொல்வோம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் வந்ததும் பாட்டைப் போட்டேன்.

வெயில் தாழ்ந்து கார் வந்தது. இளையவள் இறங்கினாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். முகமெல்லாம் சந்தனம். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாய் வாசலிலேயே அவளை நிற்க வைத்து, ஆரத்தி கரைத்துக் கொண்டு வந்து சுற்றினார். பொட்டு வைத்தார். பிறகு என் பக்கம் வந்தார்.

"இருந்தாளா?"

"இருந்தா."

அது பொய் இல்லை.

"துன்னாளா?"

"இல்லக்கா. அப்படியே கீது."

இளையவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வயிறு கிள்ளுதும்மா. அங்க ஆளாளுக்குப் பொட்டு வெச்சாங்களே தவிர சோறு போடல. எங்க மாமியாரு தங்கம்னு சொன்னேன் இல்ல?" கையை நீட்டி மூடிய தட்டை இழுத்தாள்.

நான் தாயைப் பார்த்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இளையவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். வளையல்கள் ஒன்றோடொன்று இடித்தன. இன்னொரு வாய் வைத்தாள்.

"ஆறிப்போச்சி," என்றாள்.

தாய் அசையவில்லை. டிவியில் அவரே தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பிறகு அடுப்பங்கரைக்குப் போனார். நெருப்புக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டது. குழம்பைச் சுட வைக்கிறார்.

எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ரிமோட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டேன்.

"நிறுத்திடட்டாக்கா?"

அவர் கரண்டியால் குழம்பைக் கிளறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சத்தத்த மட்டும் கொறச்சி வெச்சிட்டுப் போ," என்றார்.

குறைத்தேன். அத்தையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. இளையவள் குழம்பு கேட்டாள்.